மின்சாரக் காருக்கு அண்டர்பாடி கோட்டிங் தேவையா? சேலம்–ஏற்காடு ஓட்டத்துக்குத் துருப் பாதுகாப்பு

மஞ்சக்குட்டை தோட்டம் எழுதியது:

வணக்கம். வீடு ஏற்காட்டில், வேலை சேலத்தில். ஒரு மின்சாரக் கார் புக் பண்ணியிருக்கோம், டெலிவரிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அடிவாரம் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவும் தினமும் ஏறி இறங்கப் போற வண்டி. மழை மாசங்களில் ராத்திரி முழுக்க மூடுபனியில்தான் நிக்கும், மேலே சில்வர் ஓக் மரம். சீசனில் டிக்கியில் பொட்டாஷ், யூரியா மூட்டை வரும். மருந்தடிக்கற சமயத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் வரும்.

ஷோரூமில் அண்டர்பாடி கோட்டிங், உள்பக்க ஆன்டி-ரஸ்ட் ரெண்டையும் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்றாங்க. கீழே முழுக்கக் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடிப்பாங்களாம், "பேட்டரிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு"ன்னு சொல்றாங்க. இன்னொரு பக்கம், மின்சாரக் கார்னா அடியில் எல்லாம் அலுமினியம், துருவே பிடிக்காதுங்கறாங்க. எது சரி? டெலிவரி எடுக்கும்போது எங்கெங்கே பார்க்கணும்? பெயின்ட் கீறல், பம்பர் இடைவெளி எல்லாம் நாங்களே பார்த்துக்குவோம். கண்ணுக்குத் தெரியாத இடங்களைப் பத்தித்தான் கேட்கறோம்.

---

ஆரஞ்சு வயர் பதில்:

முதல் காரியமா, அந்தக் கறுப்புக் கோட்டிங்கை பேட்டரி மேல அடிக்க விடாதீங்க. வாயால சொன்னா பத்தாது, டெலிவரி ஃபார்ம்லயே எழுதிக் கொடுங்க. ஏற்காடு ஏறி இறங்கற வண்டிக்கு இது ரொம்ப முக்கியம்.

வண்டிக்கு அடியில இருக்கற பேட்டரிப் பெட்டி சீல் பண்ணின பெட்டி. பெரும்பாலான கார்ல ஐபி67 தரம், அதாவது 1 மீட்டர் ஆழத் தண்ணியில 30 நிமிஷம் இருந்தாலும் உள்ளே தண்ணி போகக் கூடாது. ஆனா காற்று போய்வர வழி வெச்சே ஆகணும். பெட்டியோட பக்கவாட்டுலயோ பின்னாடியோ ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி தெரியும், அதுதான் வென்ட். உள்ளே டெஃப்லான் வகைச் சவ்வு இருக்கும். காற்றை விடும், தண்ணித் துளியை விடாது. ஏதாவது ஒரு செல் கெட்டு வாயு கக்கினா அழுத்தத்தை வெளியே விடறதும் அதே வென்ட்தான், இல்லன்னா பக்கத்துல இருக்கற தனி வால்வு. ஸ்ப்ரே கன் பிடிக்கற பையனுக்கு இது தெரியாது. மேடு பள்ளம் எல்லாத்து மேலயும் ஒரே இழுப்பா இழுத்துட்டுப் போவான்.

இப்ப கணக்கைப் பாருங்க. சேலம் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகறதுக்குள்ள காற்றழுத்தம் 13 கிலோபாஸ்கலுக்கு மேல குறையும். வென்ட் திறந்திருந்தா உள்ளேயும் வெளியேயும் தானா சமமாகும், ஒண்ணும் தெரியாது. அடைச்சிருந்தா அந்த வித்தியாசம் மொத்தமும் பெட்டி மூடி மேல விழும். சதுர மீட்டருக்கு 1,300 கிலோவுக்கு மேல வருது. பேட்டரி மூடியோ பல கார்ல ஒரு சதுர மீட்டரைத் தாண்டும். ஏறும்போது மூடி வெளிப்பக்கமா உப்பும், கேஸ்கெட் (மூடி இடுக்கை அடைக்கற ரப்பர்) எங்கே இளைச்சிருக்கோ அங்கே காற்று கசிஞ்சு வெளியேறும். சாயந்திரம் இறங்கும்போது உள்ளே அழுத்தம் குறைவு, வெளியே அதிகம். கசிஞ்ச அதே இடம் ஈரத்தை உள்ளே இழுக்கும். மழையில இறங்கினா தண்ணியையே இழுக்கும். சமவெளியில மட்டும் ஓடற வண்டில இந்தக் கோளாறு வெளியே தெரிய வருஷக்கணக்கு ஆகலாம். மலை வண்டில அவ்வளவு நாள் தாங்காது.

ஈரம் உள்ளே போனா முதல்ல வர்றது இன்சுலேஷன் கோளாறு. உயர் மின்னழுத்தச் சுற்று பாடியோட எங்கேயும் ஒட்டக் கூடாது. இந்திய விதி ஏஐஎஸ்-038 படி, ஏசி பக்கமும் டிசி பக்கமும் சேர்ந்த சுற்றுக்கு வோல்ட்டுக்குக் குறைஞ்சது 500 ஓம். 400 வோல்ட் பேட்டரின்னா 2 லட்சம் ஓம். ஈரத்தால இது இறங்கும்போது வண்டி எச்சரிக்கை விளக்கு போடும், சில வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. பெட்டியைத் திறந்து பார்க்கும்போது வெளிக் கோட்டிங்கால வென்ட் அடைஞ்சிருந்தா வாரன்டி பேச்சு அங்கேயே நின்னுடும்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் கேட்கறாங்க. "பேட்டரி கரண்ட் பாடியில ஓடி துருவை அதிகமாக்கும்"ங்கறது தப்பு. மேலே சொன்ன மாதிரி அந்தச் சுற்று பாடியில இருந்து பிரிச்சு வெச்சதுதான். பாடி வழியா திரும்பற கரண்ட் 12 வோல்ட் சுற்றோடது மட்டும்தான். அது பெட்ரோல் காரிலயும் அப்படியே.

கோட்டிங் படக் கூடாத மத்த இடங்கள்: உயர் மின்னழுத்தம் ஓடற ஆரஞ்சு நிறக் கேபிள், அதோட கனெக்டர், மோட்டார் கியர்பாக்ஸோட மூச்சுக்குழாய், கூலன்ட் குழாய் இணைப்பு, ஜாக்கி வைக்கற இடம், பாடியில இருக்கற எல்லா வடிகால் ஓட்டையும். அப்புறம் பேட்டரிப் பெட்டிக்கும் பாடிக்கும் நடுவுல பின்னல் செம்புப் பட்டை ஒண்ணு போல்ட் பண்ணியிருக்கும். அந்த இணைப்போட தடை 0.1 ஓமுக்குக் கீழே இருக்கணும். அதைக் கழட்டிக் கோட்டிங் அடிச்சுத் திரும்ப மாட்டினா போல்ட்டுக்கு அடியில கோட்டிங் சிக்கிக்கும். கோளாறு வர்ற நேரத்துல காப்பாத்தறது அந்தப் பட்டைதான்.

---

கொண்டலாம்பட்டி டிங்கர் பதில்:

அண்ணன் சொன்னதுக்கு மேல பேட்டரியைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லைங்க. பாடி பக்கம் நான் சொல்றேன்.

அலுமினியம்ங்கறது பாதிதான் சரிங்க. நம்ம ஊர்ல ஓடற மின்சாரக் கார்ல பெரும்பாலும் பாடி இரும்புத் தகடுதான். மோட்டார் கூடும், பல வண்டில பேட்டரிப் பெட்டியும் அலுமினியம். சிலதுல பெட்டிக்கு அடித்தகடு இரும்பாவே இருக்கும். ஒரு சின்ன காந்தம் எடுத்துட்டுப் போங்க, ஒட்டினா இரும்பு, அவ்வளவுதான்.

கம்பெனியில பாடி வெல்டிங் முடிஞ்சதும் ஜிங்க் பாஸ்பேட் தொட்டியில முக்கி, அப்புறம் ஈ-கோட் தொட்டியில முக்கிக் கரண்ட் கொடுத்துப் பிரைமரைப் படிய வெப்பாங்க. அதை 160, 180 டிகிரி சூட்டுல சுட்டெடுப்பாங்க. வெளித்தகட்டுல சுமார் 20 மைக்ரான் நிக்கும். மூடின பெட்டியா இருக்கற ரன்னிங் போர்டு (கதவுக்குக் கீழே நீளமா ஓடற பாடிப் பகுதி), பில்லர்ங்கற கதவுத் தூணோட அடி, கதவோட உள்மடிப்பு, இங்கெல்லாம் கரண்ட் சரியா எட்டாதுங்க, மெல்லிசாத்தான் படியும். அதனாலதான் அங்க ஜிங்க் (துத்தநாகம்) பூசின தகடு, இடுக்கை அடைக்கற சீலன்ட், மேல உள்குழிக்குள்ள தெளிக்கற கேவிட்டி மெழுகுன்னு மூணு நாலு காவல் வெக்கறாங்க. இதுல எந்தக் கம்பெனி எதைக் குறைச்சிருக்குன்னு வெளியே பளபளப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே பார்க்கணும்.

டெலிவரிக்குப் போகும்போது ஒரு டார்ச், ஒரு கைக்கண்ணாடி, போன்ல மாட்டற 5.5 மி.மீ. எண்டோஸ்கோப் கேமரா எடுத்துக்கிட்டுப் போங்க. வண்டியை லிஃப்ட்ல ஏத்தச் சொல்லுங்க, மாட்டேன்னா அன்னிக்கு டெலிவரி எடுக்காதீங்க.

கதவோட அடி விளிம்புல தொடங்குங்க. வெளித்தகட்டை உள்தகட்டு மேல மடிச்சு அமுக்கியிருப்பாங்க. அந்த மடிப்பு ஓரமா சீலன்ட் கோடு ஒரே சீரா ஓடணும். நடுவுல விட்டிருந்தா, ஊசி நுழையற அளவுக்குக் குமிழ் ஓட்டை இருந்தா, அந்தக் கதவுதான் முதல்ல துருப்பிடிக்கும். டிக்கிக் கதவு, பானட் முன் ஓரம் ரெண்டுலயும் இதே மடிப்பு உண்டு, டிக்கிக் கதவுலதான் அதிகமா விட்டிருப்பாங்க. கதவுக்கு அடியில ரெண்டுல இருந்து நாலு வடிகால் பிளவு இருக்கும். சீலன்ட் வழிஞ்சு அதை அடைச்சிருக்கான்னு பாருங்க. புது வண்டிலயே அடைஞ்சிருக்கறது உண்டு. ஒரு கேபிள் டை நுனியை விட்டா போய் வரணும்.

அடுத்தது தரை. தொழிற்சாலையில ஈ-கோட் வடிய வெச்ச ஓட்டைகளை ரப்பர் மூடி, பிளாஸ்டிக் மூடி போட்டு அடைச்சிருப்பாங்க, 20ல இருந்து 30 மி.மீ. இருக்கும். ஒண்ணு விட்டுப்போனாலும் மழைத்தண்ணி நேரா கார்ப்பெட்டுக்குப் போகும். கார்ப்பெட்டுக்கு அடியில இருக்கற ஸ்பாஞ்ச் தண்ணியை விடவே விடாதுங்க. மேல தொட்டா காய்ஞ்சிருக்கும், அடியில மாசக்கணக்கா ஊறிக்கிடக்கும். மின்சாரக் கார்ல பல கனெக்டர் அந்தத் தரையிலதான் ஓடுது. முன் சீட்டுக்கு அடியிலயும், டிரைவர் கால் வைக்கற இடத்துலயும் கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி விரலை நல்லா அழுத்திப் பாருங்க.

டிக்கி மேட்டைத் தூக்கி வீல் வைக்கற பள்ளத்தைப் பாருங்க. டெயில் லாம்ப் கேஸ்கெட் சரியில்லன்னா தண்ணி அங்கதான் சேரும். ரன்னிங் போர்டுல கம்பெனி வெச்ச மூடி ஒண்ணை எடுத்து எண்டோஸ்கோப்பை விடுங்க. உள்ளே ஒரே நிறத்துல சாம்பல் இல்லன்னா கறுப்பு ஈ-கோட், மேல தேன் நிறத்துல மெழுகுப் படலம் இருந்தா நல்லது. மெழுகு இல்லாம ஈ-கோட் மட்டும் இருந்தாலும் பயப்பட வேண்டாம், பின்னாடி அடிச்சுக்கலாம். பழுப்பு நிறத்துல வழிஞ்ச தடம் இருந்தா மட்டும் வண்டியைத் திருப்பிக் கொடுங்க.

சஸ்பென்ஷன் ஆர்ம், நக்கிள், ஹப் நட்டு இதுல எல்லாம் லேசாப் பழுப்பு இருக்கும், அது தடிமனான இரும்பு, அதுக்கெல்லாம் சண்டை வேண்டாங்க. வெல்டிங் ஓரத்துல பொருக்கு எழும்பியிருந்தா மட்டும் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

அந்தப் பேக்கேஜ்ல "உள்பக்க ஆன்டி-ரஸ்ட்"னு சொல்றாங்களே, அதுக்கு ரன்னிங் போர்டுல டிரில் போட்டு ஓட்டை போடுவாங்களான்னு கேளுங்க. ஆமான்னா ஒரே வார்த்தையில வேண்டாம்னு சொல்லிடுங்க. அந்தக் காலத்து வண்டிக்கு அப்படிப் பண்ணினாங்க. இப்ப ரன்னிங் போர்டுக்கு உள்ளே மோதலைத் தாங்கற கடின இரும்போ அலுமினிய பாரோ இருக்கும், பேட்டரி போல்ட்டும் அதை ஒட்டித்தான் வரும். ஓட்டை போட்ட விளிம்புல ஈ-கோட்டும் இல்லை, ஜிங்க்கும் இல்லை. துருவுக்குப் பயந்து துருவுக்கு வாசல் வெக்கற வேலைங்க அது.

---

இரும்பாலை ரோடு பதில்:

முன்னால் எழுதிய இருவரும் தொடாத ஒன்று கேள்வியிலேயே இருக்கிறது: பொட்டாஷும் மயில்துத்தமும். இந்த வண்டிக்கு மழையை விடப் பெரிய ஆபத்து டிக்கிக்குள்தான் வருகிறது.

சேலம் கடலிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. குளிர்நாடுகளைப் போல ரோட்டில் உப்புத் தூவும் வழக்கமும் இங்கே இல்லை. அதனால் கார் துருப்பிடிப்பதில் மிகக் கொடியதான குளோரைடு இங்கே இயல்பாகக் குறைவு. ஆனால் உரக்கடையில் பொட்டாஷ் என்று வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. கடலோரத்தில் இரும்பைத் தின்னும் அதே குளோரைடை மூட்டை கட்டி டிக்கியில் ஏற்றுகிறோம். ஈரக்காற்றில் அது நீரை இழுத்துக் கரைசலாகும். ஏற்காட்டு மூடுபனிக் காற்று அதற்குத் தாராளமாகப் போதும். மேட்டின் ஓரம் வழியாக இறங்கி, தகட்டு இணைப்பிலும் சீட் போல்ட் அடியிலும் அது தங்கினால் ஈ-கோட்டின் மிகச் சிறிய கீறல் கூடக் குழியாகும். யூரியா இந்த அளவுக்குக் கெடுதி இல்லை. இரண்டும் கலந்து சிந்தினால் இன்னும் எளிதாக ஈரம் இழுக்கும்.

மயில்துத்தம் வேறு வகை. அது காப்பர் சல்பேட். அதன் கரைசல் அலுமினியத்தின் மீதோ துத்தநாகப் பூச்சின் மீதோ பட்டால், அந்த உலோகம் கொஞ்சம் கரைந்து, அந்த இடத்தில் செம்பு நுண்துகளாகப் படியும். படிந்த ஒவ்வொரு துகளும் சுற்றியுள்ள அலுமினியத்தைத் தொடர்ந்து அரிக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் செம்பு போகாது, ஈரம் வரும்போதெல்லாம் அரிப்பு மீண்டும் தொடங்கும். பேட்டரிப் பெட்டியின் அலுமினிய விளிம்பு, அலாய் வீல், ஏசி கண்டென்சரின் மெல்லிய இதழ்கள் ஆகியவை இதற்கு மிக எளிதில் ஆளாகும். சுண்ணாம்பு சேர்த்துப் போர்டோ கலவையாக்கிய பிறகு செம்பு பெரும்பாலும் கரையாத வடிவத்தில் இருக்கும், ஆபத்து குறையும், ஆனால் முழுதாகப் போகாது. சுண்ணாம்பின் காரத்தன்மையும் அலுமினியத்துக்கு ஆகாது.

எனவே, மூட்டையை நேரடியாக டிக்கியில் வைக்க வேண்டாம். மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஏற்றுங்கள், துத்தத்துக்குத் தனிப் பெட்டி. சிந்திவிட்டால் முதலில் ஈரத்துணி போடாதீர்கள், அது உப்பைக் கரைத்து இடுக்குக்குள் அனுப்பும். மேட்டைக் கழற்றி, உலர்ந்த நிலையில் வேக்கம் கிளீனரால் இடுக்கு வரை உறிஞ்சுங்கள். அதன் பிறகு நன்றாகப் பிழிந்த துணியால், ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்றி, மூன்று முறை துடைத்து, வெயிலில் டிக்கியைத் திறந்து வைத்துக் காய விடுங்கள். மருந்தடிக்கும் நாளில் சாரல் வண்டி மேல் வராதபடி, காற்று வரும் பக்கத்தில் வண்டியை நிறுத்துங்கள். சாரல் பட்டிருந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். காய்ந்து நீலப்படலமான பிறகு தேய்த்தால் பெயின்ட்டும் சேர்ந்து போகும்.

போல்ட் விஷயம். சேலத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் எளிதாகக் கிடைக்கிறது, துருப்பிடிக்காது என்பதால் பேட்டரித் தட்டு போல்ட்டையோ சஸ்பென்ஷன் போல்ட்டையோ அதற்கு மாற்றச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். கடையில் கிடைக்கும் ஏ2-70 ரகத்தின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல். வண்டியில் உள்ள 8.8 ரகத்துக்கு 800, 10.9 ரகத்துக்கு 1,000. வலிமை குறைவதோடு, அலுமினியத்தோடு ஸ்டெயின்லெஸ் சேர்ந்து ஈரமானால் அலுமினியம்தான் கரையும், அதுவும் போல்ட் தலையைச் சுற்றி, கேஸ்கெட் உட்காரும் அதே இடத்தில். கம்பெனி போடும் போல்ட்டின் சாம்பல் நிறப் பூச்சு துத்தநாக-அலுமினியச் செதில் பூச்சு. அலுமினியத்தோடு ஒத்துப்போகவே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. அவற்றில் சில, ஒருமுறை முறுக்கியபின் மறுபடி பயன்படுத்தக் கூடாதவை. சர்வீஸ் மேனுவலில் சொன்ன அதே எண் போல்ட்டைப் புதிதாக வாங்கிப் போட வேண்டும்.

அலுமினியப் பாகத்தைப் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்ப்பதும் தவறு. இரும்பைத் தேய்த்த கம்பிப் பிரஷ்ஷும் கூடாது, இரும்புத் துகள் பதிந்து அங்கங்கே பழுப்புப் புள்ளி வரும். நைலான் பிரஷ் போதும்.

கோட்டிங் விற்பவர்கள் "1,000 மணி நேர உப்புப் புகைச் சோதனை" என்று காட்டுவார்கள். அது 35 டிகிரியில் 5 சதவீத உப்புக் கரைசலை இடைவிடாமல் தெளிக்கும் சோதனை. ஒரு பூச்சை இன்னொரு பூச்சோடு ஒப்பிட உதவும். இத்தனை மணி என்றால் ரோட்டில் இத்தனை ஆண்டு என்று அதை மாற்றிச் சொல்ல எந்தக் கணக்கும் கிடையாது. நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும் மலைவண்டிக்கு அந்த எண் இன்னும் குறைவாகவே பொருந்தும்.

---

மஞ்சக்குட்டை தோட்டம் எழுதியது:

மூணு பேருக்கும் நன்றி. பேக்கேஜ் வேண்டாம்னு எழுத்தில் கொடுத்துடறோம். உரத்துக்குத் தனிப் பெட்டி வாங்கியாச்சு. இன்னும் மூணு சந்தேகம்.

கேவிட்டி மெழுகை நாங்களே அடிக்கலாமா, எப்போ அடிக்கணும்? வேகத்தடையில் அடி உரசினா என்ன பண்றது? மின்சாரக் காரில் பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும்னு சொல்றாங்களே, மலை இறக்கத்துக்கு அது பாதிக்குமா?

---

கொண்டலாம்பட்டி டிங்கர் பதில்:

மெழுகு தாராளமா நீங்களே அடிக்கலாங்க. ஆனா ஏற்காட்டுல வேண்டாம், சேலத்துக்கு இறக்கிட்டு வந்து அடிங்க. மார்ச், ஏப்ரல்தான் சரியான காலம். வண்டியை ரெண்டு நாள் வெயில்ல நிறுத்தி உள்ளே ஒட்டு ஈரம் இல்லாம காய விடணும். ஈரத்து மேல மெழுகு அடிச்சா அந்த ஈரத்தைப் பூட்டி வெச்ச மாதிரிதான். தகடு சூடா இருக்கும்போது மெழுகு இளகி மடிப்புக்குள்ள தானா ஊர்ந்து போகும், குளிர்ல அடிச்ச இடத்துலயே நின்னுடும்.

500 மி.லி. கேன் மூணு அல்லது நாலு போதும். நீளக் குழாயும் நாலாப்பக்கமும் தெளிக்கற நாசிலும் கூட வர்ற ரகமா வாங்குங்க. கம்பெனி மூடியை எடுத்து, குழாயைக் கடைசி வரைக்கும் விட்டு, தெளிச்சுக்கிட்டே மெதுவா வெளியே இழுக்கணும். நிறைய அடிக்கணும்னு இல்லைங்க, மெல்லிசாப் படலம் வந்தாப் போதும். ரன்னிங் போர்டு ரெண்டு பக்கம், நாலு கதவோட அடிமடிப்பு, டிக்கிக் கதவோட கீழ் ஓரம், பானட் முன் மடிப்பு, பின் வீல் ஆர்ச் உதடு. பேட்டரி, ஆரஞ்சு கேபிள், பிரேக் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது. சீட்பெல்ட் சுருள் இருக்கற பி-பில்லர் (முன், பின் கதவுக்கு நடுவுல இருக்கற தூண்) அடியிலும் அடிக்காதீங்க. மறுநாள் எல்லா வடிகால் ஓட்டையிலயும் கேபிள் டை விட்டு மெழுகு அடைச்சிருக்கான்னு பார்த்துட்டு மூடியைப் போடுங்க. ரெண்டு, மூணு வருஷத்துக்கு ஒருதரம் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்து, காய்ஞ்ச இடத்துல மட்டும் திரும்ப அடிச்சாப் போதும்.

மெழுகை விட முக்கியமானது சில்வர் ஓக் இலைங்க. முன் கண்ணாடிக்கு அடியில வைப்பர் மூடி இருக்கே, அதுக்குக் கீழே இந்த இலை சேர்ந்து மக்கி வடிகாலை அடைக்கும். தண்ணி தேங்கி ஏசி புளோயர் வழியா கார்ப்பெட்டுக்கு இறங்கிடும். மழை மாசத்துல பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா கையை விட்டு இலையை எடுத்துட்டு ஒரு சொம்பு தண்ணி ஊத்திப் பாருங்க, வீலுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் சொட்டணும். ஒரு பக்கம் சொட்டலன்னா அந்தப் பக்கம் அடைப்பு. சன்ரூஃப் இருந்தா நாலு மூலையிலயும் வடிகுழாய் இருக்கும். அதுக்குப் புல்வெட்டற மெஷின்ல போடற நைலான் நூலை விட்டு எடுங்க. கம்பி விட்டா குழாய் கிழியும், கம்ப்ரஸர் காத்து அடிச்சா உள்ளே மாட்டின இடத்துல கழண்டுக்கும்.

வீல் ஆர்ச் லைனரைத் தோட்டத்து செம்மண் காலம் முடிஞ்சதும், ஜனவரியில, வருஷத்துக்கு ஒருதரம் கழட்டுங்க. கிளிப்பும் டி25 (நட்சத்திரத் தலை) ஸ்க்ரூவும்தான். முன் ஃபெண்டருக்குப் பின்னாடி ஒரு கை மண்ணாவது இருக்கும். கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) லாரிக்குப் பின்னாடி போற வண்டிலயும் இதே கதை. அந்தத் தூசியால பெரிய கெடுதல் இல்லைங்க, இடுக்குல இறுகி ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கறதுதான் வினை.

உரசினதுக்கு: காந்தம் வெச்சுப் பாருங்க. அலுமினியம்னா கீறல் மட்டும் இருந்தா சோப்புத் தண்ணில கழுவி விட்டுடுங்க. உள்பக்கமாக் குழி விழுந்திருந்தா, கேஸ்கெட் விளிம்பு வளைஞ்சிருந்தா சர்வீஸ் சென்டர்ல காட்டணும், தட்டி நிமிர்த்தற வேலையே கூடாது. பேட்டரிக்கு வெளியில பாடித்தகடு இரும்புன்னா, தூக்கிக்கிட்ட பிவிசி பூச்சைச் சுரண்டி, 180 நம்பர் உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் தேய்ச்சு, தின்னர்ல துடைச்சு, ரெண்டு பாக எபாக்சி பிரைமர் ரெண்டு கோட், நடுவுல இருபது நிமிஷம் விடணும். நல்லாக் காய்ஞ்சப்புறம் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட், மேல கல் தெறிப்பைத் தாங்கற ஸ்டோன்-சிப் கோட். துருவைத் தேய்க்காம அது மேலயே தார்க் கோட்டிங் அடிக்கறதுதான் எல்லாத்துலயும் மோசம். ரெண்டு வருஷத்துல தார் இறுகி வெடிக்கும், வெடிப்புல தண்ணி போகும், வெளியே கறுப்பா நல்லாத் தெரியும், உள்ளே தகடு பொடிஞ்சிருக்கும்.

---

ஆரஞ்சு வயர் பதில்:

பிரேக் பத்தி. ஆக்சிலரேட்டரை விட்டாலே மோட்டார் வண்டியைப் பிடிக்கறதால பேடு டிஸ்க்கைத் தொடறதே குறைவு. டிஸ்க் வார்ப்பிரும்பு, பெயின்ட் கிடையாது. ராத்திரிப் பனியில பழுப்பாகி, காலையில நாலு பிரேக் அடிச்சதும் போயிடறது சாதாரணம். பேடு படற பட்டையில குழி விழுந்தா, ஓரத்துல பொருக்கு தடிச்சு உள்பக்கமா ஏறினா அதுதான் கெட்டது. பின் டிஸ்க்தான் முதல்ல போகும். உள்முகத்தைத்தான் பார்க்கணும், வெளிமுகம் எப்பவும் நல்லாத் தெரியும். இதனாலதான் ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 மாதிரி வண்டிகளுக்குப் பின்னாடி டிரம் பிரேக் போட்டாங்க. டிரம் மூடியிருக்கும், துரு குறையும்.

உங்களுக்கு இறக்கம் இருக்கறது ஒரு வகையில நல்லது, ஆனா சார்ஜை கவனிக்கணும். ஆளோட சேர்த்து 1,700 கிலோ வண்டி 1,200 மீட்டர் இறங்கினா சுமார் 5.5 யூனிட் ஆற்றல் வருது. டயர், காற்று, மோட்டார் இழப்பு போக 3 யூனிட் சுமாரா பேட்டரிக்குத் திரும்பும். 40 யூனிட் பேட்டரில அது 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. வீட்டுல 100 சதவீதம் ஏத்திட்டுக் கிளம்பினா அதை வாங்க இடம் இருக்காது, முதல் பல வளைவுக்கு மோட்டார் பிடிக்காது, பிரேக் பேடு மட்டும்தான் வேலை செய்யும். பேடு சூடாகும். 90 சதவீதத்துல நிறுத்துங்க.

டிஸ்க்கைச் சுத்தமா வெச்சுக்க, சமவெளியில காலியான நேர் ரோட்டுல, பின்னாடி வண்டி இல்லன்னு பார்த்துட்டு, 60 வேகத்துல நியூட்ரலுக்கு மாத்தி 15 வரைக்கும் அழுத்தி பிரேக் பிடிங்க. பெரும்பாலான வண்டில நியூட்ரல்ல மோட்டார் பிடிக்காது, பேடுதான் பிடிக்கும். அரை நிமிஷ இடைவெளி விட்டு ஆறேழு தடவை, பதினஞ்சு நாளைக்கு ஒருமுறை. மலை ரோட்டுல நியூட்ரலைத் தொடவே கூடாது. வண்டியைக் கழுவினாலோ மழையில வந்தாலோ நிறுத்தறதுக்கு முன்னாடி நாலு தரம் பிரேக் பிடிச்சு டிஸ்க்கைக் காய வெச்சுட்டு நிறுத்துங்க. காலிப்பர் (பேடைப் பிடிச்சிருக்கற பாகம்) ஸ்லைடு பின்னை வருஷம் ஒருதரம் கழட்டிக் காலிப்பருக்கான சிலிகான் கிரீஸ் போடச் சொல்லுங்க. சாதாரண கிரீஸ் ரப்பர் பூட்டை உப்ப வெச்சுடும்.

கழுவறதுல ரெண்டு விஷயம். பிரஷர் வாஷர் நாசிலை அடியில பேட்டரி வென்ட், கனெக்டர் பக்கம் ஒரு அடிக்கு உள்ளே கொண்டு போகாதீங்க. மலை ஏறி வந்த சூட்டோட குளிர்ந்த தண்ணி அடிக்க வேண்டாம், பெட்டிக்குள் காற்று சட்டுனு சுருங்கி கேஸ்கெட்டை உள்ளே இழுக்கும், அரை மணி நேரம் ஆறட்டும். சார்ஜிங் சாக்கெட்டுக்குள்ள கிரீஸ், டபிள்யூடி-40 எதுவும் அடிக்காதீங்க. சாக்கெட் அடியில இருக்கற வடிகால் ஓட்டையில தூசி இல்லாம பார்த்துக்கிட்டாப் போதும்.

கடைசியா, பஞ்சர் கடையில. அவங்க வழக்கத்துல டிராலி ஜாக்கியை வண்டி நடுவுல வெப்பாங்க, மின்சாரக் கார்ல அங்கே இருக்கறது பேட்டரி. ரன்னிங் போர்டுல அம்புக்குறி போட்ட நாலு இடத்துல மட்டும்தான் ஜாக்கி நிக்கணும், ஜாக்கிக்கும் வண்டிக்கும் இடையில ரப்பர் பக் (ரப்பர் கட்டை) வெச்சு. அந்த ரப்பர் பக்கை டிக்கியிலயே போட்டு வெச்சுக்குங்க. கடைக்காரர்கிட்ட இருக்காது, இரும்பு ஜாக்கி நேரா உட்கார்ந்தா ஈ-கோட் நசுங்கி, டிங்கர் அண்ணன் சொன்ன மெல்லிசுப் பூச்சு இடத்துலயே துரு தொடங்கும்.